ஓத வரும் பிள்ளைக்கு நாம் பட்ட கடன்

மாணவன் ஆசிரியருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பதில் நம்மில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அரபிக் கல்லூரிகளில் ஓதியவர்கள் இமாம் ஸர்னூஜி (ரஹ்) அவர்களின் ‘தஃலீமுல் முதஅல்லிம்’ என்ற நூலை அறிவார்கள். கல்வி தேடுபவன் எப்படி உட்கார வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும், உஸ்தாதின் முன்னால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையெல்லாம் அந்நூலிலிருந்து கற்றே வளர்ந்தோம். அது மிகச் சரியே. கல்விக்குக் கண்ணியம் செய்யாதவனிடம் கல்வி தங்குவதில்லை.

ஆனால் இதன் மறுபக்கத்தை நாம் எத்தனை முறை சிந்தித்திருக்கிறோம்? ஆசிரியர் மாணவனுக்குச் செய்ய வேண்டியது என்ன? பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்ததா? அன்பும் பரிவும் ஆசிரியர் மனமிருந்தால் காட்டுகிற சலுகையா? அல்லது அது பிள்ளைக்குச் சேர வேண்டிய ஹக்கா? சலுகை என்றால் கொடுக்காமல் இருப்பதில் குற்றமில்லை. ஹக்கு என்றால் அதைக் கொடுக்காதவர் மறுமையில் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே இது சிறிய கேள்வியன்று. இதை எழுதுவதற்கு எனக்கொரு காரணமும் உண்டு. வெட்கத்தோடுதான் அதைச் சொல்லுகிறேன்.

நான் செய்த தவறு

எட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூரின் பள்ளிவாசலில் மாலை நேர மதரஸாவில் ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு மஃரிப் வரை பிள்ளைகள் ஓதுவார்கள். அவர்களில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் இருந்தான். வாரத்தில் மூன்று நாட்களாவது தாமதமாக வருவான். வந்தாலும் சபக் பாடமாக இருக்காது. கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான், பதில் வராது. அதை நான் பிடிவாதம் என்று எண்ணினேன்.

ஒருநாள் பொறுமை இழந்து, “உனக்கு இந்த இடம் லாயக்கில்லை. போய் அங்கே உட்கார்” என்று, அலிஃப் பா ஓதும் ஐந்து வயது, ஆறு வயதுக் குழந்தைகளின் வரிசையில் அவனை உட்கார வைத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் அவர்களை அதட்டவில்லை. அவன் மஃரிப் வரை அங்கே உட்கார்ந்திருந்தான். மறுநாள் முதல் வரவில்லை.

அவன் வராதது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓதாத பிள்ளை ஒன்று குறைந்தது என்றே நினைத்தேன். சில வாரங்கள் கழித்து வேறொரு காரியமாக அந்தத் தெருவுக்குப் போனபோது, தெருக்குழாயடியில் இரண்டு குடங்களோடு அவன் நிற்பதைக் கண்டேன். என்னைக் கண்டதும் குடங்களை அப்படியே வைத்துவிட்டுச் சந்துக்குள் ஓடிவிட்டான். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர்தான் விவரம் சொன்னார். அத்தா சவூதியில் இருக்கிறார். நன்னிமா படுத்த படுக்கை. அவர்களைக் குளிப்பாட்டித் துணிமணி அலசுவது தாயாரின் வேலை. அந்தத் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், மாலை ஐந்து மணிக்குத்தான் தண்ணீர் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன்தான் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும்.

ஒருநாள் விட்டு ஒருநாள்! அவன் தாமதமாக வந்த நாட்களும் அப்படித்தான் இருந்தன. வருகைப் பதிவேடு என் கையில்தான் இருந்தது. ஒரு முறை, ஒரே ஒரு முறை, “ஏன் தம்பி, வீட்டில் ஏதாவது வேலை இருக்கிறதா?” என்று நான் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

அவன் தனியாக ஓதிக்கொண்டிருந்தது அம்ம ஜுஸ்வு. நான் அவனை வரிசை மாற்றி உட்கார வைத்த வாரத்தில் அவனுக்குச் சபக் ‘அபஸ’ ஸூரா.

பார்க்க முடியாதவருக்காக இறங்கிய வசனங்கள்

அந்த ஸூராவின் வரலாற்றை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களிடம் இஸ்லாத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நேர்வழி பெற்றால் ஒரு சமூகமே நேர்வழி பெறும் என்ற ஆவல். அந்நேரத்தில் கண்பார்வையற்ற நபித்தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்றுக்கொள்ளும் ஆர்வத்தோடு வந்து இடையில் பேசினார்கள். நாயகத்தின் திருமுகம் சற்றே சுளித்தது, திரும்பிக்கொண்டார்கள். உடனே அல்லாஹ் தன் தூதரைத் திருத்தும் முகமாக, தேடி வந்தவரை விட்டுவிட்டுத் தேவையற்றவர்போல் நடப்பவரிடம் கவனம் செலுத்துவது பற்றி வசனங்களை இறக்கினான்.

நாயகம் (ஸல்) அவர்கள் வீண் காரியத்தில் இருக்கவில்லை. உயர்ந்த பணியில்தான் இருந்தார்கள். கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வந்தவருக்குக் கண் தெரியாது. சுளித்த முகத்தை அவர் பார்த்திருக்கவே முடியாது. ஆயினும் கற்க வந்த ஒருவருக்கு உரிய முகத்தைக் கொடுக்காமல் இருப்பது இறைவனிடத்தில் பொருட்படுத்தப்பட்டது. கியாமத் நாள் வரை ஓதப்படும் வேதத்தில் இடம் பெற்றது. அதன் பிறகு இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பெருமானார் எவ்வளவு கண்ணியப்படுத்தினார்கள் என்பதும், தாங்கள் போருக்குச் சென்ற வேளைகளில் மதீனாவில் அவர்களைத் தம் பிரதிநிதியாக விட்டுச் சென்றார்கள் என்பதும் வரலாறு.

பார்க்க முடியாதவரின் விஷயத்திலேயே இப்படி என்றால், நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளின் விஷயத்தில் எப்படி இருக்கும்? நம் மதரஸாக்களில் இந்த ஸூராவைப் பாடமாக்காத பிள்ளை அரிது. அதைப் பாடமாக்கவில்லை என்று முகம் சுளிக்கும் நாம், அதன் முதல் வசனம் யாருக்குப் பாடம் என்று எண்ணிப் பார்க்கிறோமா? ஆகவே முதல் கேள்விக்கு இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. மலர்ந்த முகமும் கவனமும் கற்க வந்தவரின் ஹக்கு. ஹக்கு இல்லாத ஒன்று விடுபட்டதற்காக வசனம் இறங்கியிராது.

இந்த வயதின் தனித்தன்மை

குறிப்பாக ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று வயது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரே ஆசிரியரோ ஆசிரியையோ நாள் முழுவதும் கூடவே இருந்திருப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் தெரியும், சாப்பிடாமல் வந்தாலும் தெரியும். ஆறாம் வகுப்புக்குப் போனதும் பாடத்திற்கு ஓர் ஆசிரியர். மணி அடித்தால் ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். எல்லோரும் பாடத்தை அறிவார்கள். பிள்ளையை முழுமையாக அறிந்தவர் ஒருவரும் இல்லாமற்போகலாம்.

அதே காலத்தில்தான் குரல் உடைகிறது, உடல் மாறுகிறது, பெண்பிள்ளைகள் பருவமடைகிறார்கள். ஷரீஅத்தின் கண்ணில் இதுதான் ஒரு மனிதனின் ஏடு திறக்கும் வயது. பருவமடைந்த நாளிலிருந்து தொழுகை கடமை, நோன்பு கடமை, செய்த நன்மைக்கும் தீமைக்கும் அவனே பொறுப்பு. இவ்வளவு பெரிய வாசலைக் கடக்கும்போது கையைப் பிடித்து நடத்த ஒரு பெரியவர் வேண்டாமா? ஆனால் நம் ஊர்களில் நடப்பதென்ன? சின்னஞ்சிறு பிள்ளைகளால் மதரஸா நிரம்பி வழிகிறது. ஆறாம் வகுப்பு வந்ததும் டியூஷன், பரீட்சை என்று ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். தொழுகை கடமையாகிற வயதில், தொழுகை கற்றுக்கொடுப்பவரின் தொடர்பு அறுந்துபோகிறது. டியூஷன் மட்டும்தான் காரணமா என்று என்னைப் போன்றவர்கள் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வயதில் வெட்கம் மிகக் கூர்மையானது. ஐந்து வயதுக் குழந்தையை அதட்டினால் அழும். சற்று நேரத்தில் மடியில் வந்து உட்காரும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அழாது. மனத்துக்குள் ஒரு கதவைச் சாத்திக்கொள்ளும். அந்தக் கதவு சாத்தப்பட்ட ஓசை நமக்குக் கேட்பதில்லை.

அவர்கள் மௌனத்தையும் நாம் தவறாகப் படிக்கிறோம். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் சிறு வயதினராய் இருந்தபோது நடந்ததை அவர்களே அறிவிக்கிறார்கள். முஸ்லிமுக்கு உவமையான, இலை உதிராத ஒரு மரம் எது என்று நபியவர்கள் ஒரு விடுகதை போட்டார்கள். பேரீச்ச மரம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சபையில் அபூபக்ர், உமர் (ரலி) போன்ற பெரியவர்கள் மௌனமாக இருக்க, தாம் பேசுவதா என்று வெட்கத்தால் வாய் திறக்கவில்லை. பிறகு தந்தையிடம் சொன்னபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ செல்வத்தைவிட மகிழ்ச்சியாய் இருந்திருக்குமே என்று உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். விடை தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவனைப் பேச வைப்பது அதட்டல் அன்று. நீ பேசினால் நான் மகிழ்வேன் என்ற உறுதிதான்.

நாயகத்தின் வீட்டில் ஒரு பத்து வயதுப் பிள்ளை

இந்த வயதுப் பிள்ளையை எப்படி நடத்துவது என்பதற்கு அனஸ் (ரலி) அவர்களின் வாழ்க்கையைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. நாயகம் மதீனா வந்தபோது அவர்களுக்குப் பத்து வயது. பணிவிடைக்காகத் தாயார் கொண்டு வந்து விட்டார்கள். ஏறத்தாழப் பத்தாண்டுகள் உடன் இருந்தார்கள். அந்தக் காலம் முழுவதிலும் தம்மைச் ‘சீ’ என்று ஒரு சொல் சொன்னதில்லை. செய்த ஒன்றுக்காக ஏன் செய்தாய் என்றோ, செய்யாத ஒன்றுக்காக ஏன் செய்யவில்லை என்றோ கடிந்ததில்லை என்று அவர்களே சாட்சி கூறுகிறார்கள்.

அனஸ் (ரலி) அவர்கள் தவறே செய்யாத பிள்ளையாய் இருந்ததனால் அல்ல. ஒருநாள் ஒரு வேலையாகப் போகச் சொன்னபோது, மனத்தில் போகத்தான் எண்ணம் என்றாலும், போகமாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டார்களாம். பிறகு புறப்பட்டு, வழியில் கடைத்தெருவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களைப் பார்த்து நின்றுவிட்டார்கள். திடீரென யாரோ பின்னாலிருந்து பிடரியைப் பிடித்தார்கள். திரும்பினால் நாயகம் (ஸல்) அவர்கள், சிரித்த முகத்தோடு! செல்லப் பெயர் சொல்லி ‘உனைஸே’ என்று அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார்கள் அனஸ். அவ்வளவுதான்.

இதில் மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, போகமாட்டேன் என்ற சொல்லுக்கும் போக வேண்டும் என்ற மனத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த வயதுக்கே உரியது; நாயகம் சொல்லைப் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டாவது, பிள்ளையைத் தேடி அவர்களே வந்தார்கள். மூன்றாவது, வேலையை விட்டுக்கொடுக்கவில்லை. போனாயா என்று கேட்டார்கள், பிள்ளையும் போனது. அன்பு என்றால் கேட்காமல் விட்டுவிடுவது என்று பொருள் அல்ல.

ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களையும் நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரத்தின்போது அவர்களுக்குப் பதினோரு வயது. இன்றைய கணக்கில் ஆறாம் வகுப்பு. பின்னர் யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நபியவர்கள் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஏறத்தாழ அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்தார்கள். நீ செய்வாய் என்று நம்பி ஒரு பொறுப்பைக் கொடுப்பதும் அன்பின் ஒரு வகைதான். அந்த நம்பிக்கையில் வளர்ந்தவரிடம்தான் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் திருக்குர்ஆனைத் தொகுக்கும் மாபெரும் பணி வந்து சேர்ந்தது.

பத்து வயதில் அடிக்கச் சொல்லவில்லையா?

இங்கே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். ஏழு வயதில் தொழும்படி ஏவுங்கள், பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள் என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறதே? இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது ஆலிமுக்கு அழகன்று. ஆனால் அந்த ஹதீஸை முழுமையாகப் பார்க்க வேண்டும்.

ஏழுக்கும் பத்துக்கும் இடையில் மூன்று ஆண்டுகள். நாளொன்றுக்கு ஐந்து வேளை என்று கணக்கிட்டால் 5,000 தடவைக்கு மேல் வெறும் சொல்லால், அன்பால், உடன் அழைத்துச் சென்று பழக்க வேண்டிய காலம் அது. அந்த 5,000 தடவையில் ஐம்பது தடவையாவது அழைத்தவர் நம்மில் எத்தனை பேர்? அந்தப் படிகளையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசிப் படிக்கு மட்டும் தாவுவது ஹதீஸைப் பின்பற்றுவதாகுமா?

அடுத்து, அந்த அடிக்கு ஃபுகஹாக்கள் விதித்த வரம்புகள். கையால் அன்றிக் கம்பால் கூடாது, மூன்றைத் தாண்டக் கூடாது, ஆசிரியருக்கும் இதே வரம்புதான் என்று ஹனஃபி மத்ஹபின் இமாம் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். முகத்தில் அடிக்கக் கூடாது. காயமோ தழும்போ உண்டாகக் கூடாது. ஷாஃபி மத்ஹபின் இமாம்களும், அடியால் பயன் இராது என்று தெரிந்தால் அடிப்பது கூடாது என்றும், வரம்பு மீறித் தீங்கு நேர்ந்தால் அடித்தவர் பொறுப்பாளி என்றும் விளக்குகிறார்கள். அதுவும் தொழுகையை விட்டதற்கு. சபக் வரவில்லை என்பதற்கும், தொப்பி போடவில்லை என்பதற்கும், ஆசிரியரின் சொந்தக் கோபத்துக்கும் அந்த ஹதீஸைத் துணைக்கு அழைக்க வழியில்லை. இத்தனைக்கும் மேலாக, நாயகம் (ஸல்) அவர்கள் போர்க்களத்திலன்றி எவரையும் தம் கையால் அடித்ததே இல்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுகிறார்கள்.

உஸ்தாத் அடித்த இடத்தை நரக நெருப்பு தீண்டாது என்று நம்மிடையே ஒரு பேச்சு உலவுகிறது. இது ஹதீஸ் அன்று. கம்பைப் பிடித்த கைக்கு ஆறுதலாக யாரோ உண்டாக்கிய பேச்சு.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையைச் சேர்க்க வரும்போது, “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஹஜ்ரத்” என்று சிரித்துக்கொண்டே சொல்லுகிறீர்கள். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. உலகத்தில் தனக்காகப் பேச வேண்டியவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதை அது அந்த வாசலிலேயே கற்றுக்கொள்கிறது. பிறகு யாராவது அதற்குத் தீங்கு செய்தால் அது உங்களிடம் வந்து சொல்லுமா?

நாட்டுச் சட்டத்தையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் அதன் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. 2012இல் செய்யப்பட்ட திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்திலிருந்து விலக்கியது. இதைக் கேட்டு, நம்மை அது கட்டுப்படுத்தாது என்று சிலர் ஆறுதல் கொள்ளக் கூடும். பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் மற்றச் சட்டங்கள் நம் வாசலில் நின்றுவிடுவதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். காக்கிச் சட்டைக்கு அஞ்சி ஒரு பள்ளிக்கூடம் கையைக் கட்டிக்கொள்கிறது; அல்லாஹ்வுக்கு அஞ்சுவதாகச் சொல்லும் நாம் விதிவிலக்கைக் காட்டிக் கையை ஓங்குவதா? எவ்வளவு பெரிய தலைகுனிவு!

முன்னோர் கண்ட உண்மை

இதெல்லாம் இக்காலத்து மேலைநாட்டுக் கருத்து என்று சொல்லுபவர்களும் உண்டு. ஹிஜ்ரி 505இல், அதாவது 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்தும்போது, மாணவர்மீது பரிவு கொண்டு அவர்களைத் தம் சொந்த மக்களாகக் கருதுவதையே முதற்கடமையாக வைக்கிறார்கள். தவறைக் கண்டால் நேருக்கு நேர் உடைக்காமல் குறிப்பால் உணர்த்த வேண்டும். வெளிப்படையான கண்டனம் மாணவனுக்கு ஆசிரியர் மீதுள்ள அச்சத்திரையைக் கிழித்து, எதிர்த்து நிற்கும் துணிச்சலைத்தான் வளர்க்கும் என்றும் விளக்குகிறார்கள்.

1377இல் தம் முகவுரை நூலை எழுதிய இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள், மாணவர்களிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குக் கேடு என்பதற்கென்றே தனி அத்தியாயம் வகுத்தார்கள். அடக்குமுறையில் வளரும் பிள்ளை சோம்பலுக்கு ஆளாகிறது. அடிக்குப் பயந்து உள்ளொன்றும் புறமொன்றுமாக நடிக்கக் கற்கிறது. பொய்யும் சூதும் அதற்குப் பழக்கமாகி, பின் அதுவே குணமாகிவிடுகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. நாம் உண்மையாளர்களை உருவாக்கவே மதரஸா வைத்திருக்கிறோம். அங்கேயே நயவஞ்சகத்தின் முதல் பாடத்தைக் கற்பித்துவிட்டால் யாரை நொந்துகொள்வது?

செய்யக் கூடியவை

பரிவு என்பது மனத்தில் இருந்தால் போதாது. அது செயலாக வேண்டும். பெரிய செலவில்லாத சில காரியங்களைச் சொல்லுகிறேன்.

பிள்ளைகளுக்கு நாம் முந்தி ஸலாம் சொல்லலாம். சிறுவர்களைக் கடந்து செல்லும்போது நாயகம் (ஸல்) அவர்கள் ஸலாம் கூறுவார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள்.

பிள்ளையின் வீட்டை அறிந்திருக்கலாம். மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் ஒத்த வயதுடைய இளைஞர் சிலரும் நபியவர்களிடம் வந்து இருபது இரவுகள் தங்கி ஓதினார்கள். அவர்கள் குடும்பத்தை எண்ணி ஏங்குவதை, அவர்கள் சொல்லாமலேயே நாயகம் உணர்ந்துகொண்டு, வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்து, ஊருக்குத் திரும்பிச் செல்லுமாறு அனுப்பி வைத்தார்கள். இந்த ஒரு விசாரிப்பைத்தான் நான் தவற விட்டேன்.

தவறைத் தனியே திருத்தலாம். தொழுகையில் அறியாமல் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்களைச் சுற்றியிருந்தோர் முறைத்துப் பார்த்தார்கள். தொழுகை முடிந்ததும் நாயகம் திருத்திய முறையைப் பற்றி, அவர்களைப் போன்ற சிறந்த ஆசிரியரை முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. என்னைக் கடியவுமில்லை, அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை என்று அவர் சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தார். கடிதல் என்று அங்கே வரும் அரபுச் சொல்லுக்கு முகம் சுளித்தல் என்றும் பொருள் கூறுவர்.

பெண்பிள்ளைகள் பருவமடைந்ததும் ஓதுவதை நிறுத்திவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மார்க்கச் சட்டங்கள் அவர்களுக்கு மிகுதியாகத் தேவைப்படும் நேரம் அதுவே. வெட்கம் மார்க்கத்தைக் கற்பதிலிருந்து அன்சாரிப் பெண்களைத் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டியிருக்கிறார்கள். ஓர் ஆலிமாவையோ விவரமறிந்த பெண்மணியையோ ஏற்பாடு செய்து, தயங்காமல் கேட்கும் சூழலை உண்டாக்குவது ஜமாஅத்தின் பொறுப்பு.

நெருக்கத்துக்கும் வரம்பு உண்டு. ஒரு பிள்ளையிடம் மட்டும் தனிப்பட்ட பிரியம் காட்டுவது மற்றப் பிள்ளைகளுக்கு அநீதி. எந்தப் பிள்ளையுடனும் மூடிய அறையில் தனித்திருப்பது கூடாது. யாரிடமும் சொல்லாதே என்ற சொல் ஆசிரியர் வாயில் வரவே கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் எதற்காக வந்தது என்பதை நாம் அறிவோம். இரவு வேளையில் தம் மனைவி ஸஃபிய்யா (ரலி) அவர்களோடு சென்றபோது எதிர்ப்பட்ட இரு தோழர்களிடம், இவர் ஸஃபிய்யா என்று நாயகமே தெளிவுபடுத்தினார்கள். அவர்களே சந்தேகத்துக்கு இடமளிக்கவில்லை என்றால் நாம் எம்மாத்திரம்? உண்மையான பரிவுக்கு நாலு பேர் பார்க்கும் திண்ணையே போதும்.

செல்லாத மன்னிப்பு

தொடங்கிய கதையை முடிக்க வேண்டும். விவரம் தெரிந்த அன்று மஃரிபுக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். தாயார் திரைக்குப் பின்னால் நின்று, “பிள்ளைதான் ஏதோ தப்புப் பண்ணியிருப்பான், ஹஜ்ரத் மன்னிச்சுக்கிடணும்” என்றார்கள். அது என்னை இன்னும் குத்தியது. பையனை அழைத்து, “தப்பு என்னுடையது தம்பி. எல்லோர் முன்னாலும் உன்னை அப்படி உட்கார வைத்திருக்கக் கூடாது. என்னை மன்னித்துவிடு” என்றேன்.

பெரியவர் சிறியவரிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைப்பவர்கள், பத்ருப் போர்க்களத்தை நினைக்கட்டும். அணியைச் சீர்படுத்தும்போது அம்பின் முனை தம் வயிற்றில் பட்டு வலிக்கிறது என்று ஸவாத் (ரலி) கூறியதும், பழிதீர்த்துக்கொள் என்று தம் திருவயிற்றைத் திறந்து காட்டினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அதனால் அவர்கள் கண்ணியம் குறைந்ததா?

பையன் தரையைப் பார்த்துக்கொண்டே, “பரவாயில்லை ஹஜ்ரத்” என்றான். மனம் லேசானதுபோல் இருந்தது. திரும்பி நடந்து வரும்போதுதான், ஓதிய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. பருவமடையாத பிள்ளை தன் பொருளை ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் அது செல்லாது. தன் உரிமையை விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. அப்படியானால் அந்தப் பரவாயில்லையும் செல்லாதுதானே? பெரியவருக்குச் செய்த தீங்கை ஒரு சொல்லில் மன்னிக்க வைத்துவிடலாம். பிள்ளைக்குச் செய்த தீங்கோ, அவன் வளர்ந்து ஆளாகும் வரை நம் கணக்கில் நின்றுகொண்டே இருக்கும். அதற்குள் நமக்கு மௌத் வந்துவிட்டால்?

அந்தப் பையன் மதரஸாவுக்குத் திரும்பி வரவில்லை. பிறகு நானும் அந்த ஊரை விட்டு வந்துவிட்டேன். சென்ற ரமலானில் அந்தப் பக்கம் போனபோது தேடிச் சென்று பார்த்தேன். இப்போது இருபது வயது இளைஞன். கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான். என்னைக் கண்டதும் எழுந்து ஸலாம் சொன்னான். தேநீர் வாங்கிக் கொடுத்தான். நான் மீண்டும் மன்னிப்புக் கேட்டேன். “அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன் ஹஜ்ரத், மன்னித்தும்விட்டேன்” என்று சிரித்தான். அல்ஹம்து லில்லாஹ்.

“குர்ஆன் முடித்துவிட்டாயா தம்பி?” என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. “அன்றைக்கு விட்டதுதான் ஹஜ்ரத்” என்றான்.

மன்னிப்புக் கிடைத்துவிட்டது. ஆனால் என்னால் நின்றுபோன ஓதல் எட்டு ஆண்டுகளாக நின்றபடியே இருக்கிறது. அவன் ஊர் ஆலிம் ஒருவரிடம் பேசி, கடை அடைத்த பிறகு ஓதிக் கொடுக்கக் கேட்டிருக்கிறேன். அவனும் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறான். அவன் முடிக்கும் வரை இது என் கடன்தான்.

இன்று மாலை பிள்ளைகள் ஓத வருவார்கள். பள்ளிக்கூடத்திலும் நாளைக் காலை வகுப்புகள் தொடங்கும். தாமதமாக வரும் ஒரு பிள்ளை நம் எல்லோர் வகுப்பிலும் இருக்கும். அந்தப் பிள்ளையிடம் முகம் சுளிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடுவோம். வீட்டில் என்ன என்று விசாரித்துவிடுவோம். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

பிஞ்சு உள்ளங்களை நோகடித்த நம் குற்றங்களை எல்லாம் வல்ல அல்லாஹ் மன்னிப்பானாக! நம் பிள்ளைகளுக்குக் கனிவுள்ள ஆசிரியர்களையும், நம் ஆசிரியர்களுக்குப் பணிவுள்ள பிள்ளைகளையும் தந்தருள்வானாக! ஆமீன்.